ஆல்ப்ஸ் என்றால் சுவிட்சர்லாந்து மட்டும்தானா? பியெல்லா மலைப்பகுதிக்கு நம் பக்கத்தவர்கள் ஏன் போக வேண்டும்

பல்லடத்துப் பாவு எழுதியது:

வணக்கம். ஐரோப்பாவுக்குப் போகிறோம், ஆல்ப்ஸ் மலையில் எங்கே தங்கலாம் என்று நம் பக்கத்து நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் சுவிட்சர்லாந்தின் இன்டர்லாக்கன், யுங்ஃப்ராவ், டிட்லிஸ் என்ற மூன்று பெயர்களே திரும்பத் திரும்ப விடையாக வருகின்றன. அவை பார்க்க வேண்டிய இடங்கள் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நூலையும் துணியையும் நம்பி வாழும் கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மக்களுக்கு அவற்றைவிட நெருக்கமான ஒரு மலைப்பகுதி இத்தாலியின் வடமேற்கில், பீட்மாண்ட் மாநிலத்தில் இருக்கிறது. அதன் பெயர் பியெல்லா. தமிழில் அதைப் பற்றி யாரும் விரிவாக எழுதி நான் படித்ததில்லை என்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

2023 ஜூன் 8 முதல் 14 வரை மிலானில் நடந்த இட்மா நெசவு இயந்திரக் கண்காட்சிக்குப் போனவர்களில் நானும் ஒருவன். அங்கே ஓர் அரங்கில் சாய இயந்திரத்தை விளக்கிக்கொண்டிருந்த முதியவரிடம், எங்கள் கோவையைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்பார்கள் என்று சொன்னேன். எங்கள் பியெல்லாவை இத்தாலியின் மான்செஸ்டர் என்பார்கள் என்று அவர் பதில் சொன்னார். எனக்கு இரண்டு நாள் மிச்சம் இருந்தது. உடன் வந்தவர்கள் வெனிசுக்குப் போனார்கள். நான் அவர் ஊருக்கு ரயில் ஏறினேன்.

கண்காட்சித் திடலை ஒட்டிய ரயில் நிலையத்தில் தூரின் செல்லும் வண்டியில் ஏறி, சாந்தியா என்ற சந்திப்பில் இறங்கி மாற வேண்டும். நோவாராவிலிருந்து வெர்செல்லி தாண்டும் வரை இருபுறமும் தண்ணீர் நிற்கும் நெல் வயல்கள். அவற்றுக்கு நேர் பின்னால் 4,634 மீட்டர் உயரமுள்ள மொந்தே ரோசா பனியோடு நிற்கிறது. நெல் வயலையும் பனிமலையையும் ஒரே பார்வையில் நான் வேறெங்கும் கண்டதில்லை. பியெல்லா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 420 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் கோவையும் கிட்டத்தட்ட அதே உயரம்தான். மழை ஓய்ந்த காலையில் கோவையிலிருந்து மேற்கே பார்த்தால் மலை எவ்வளவு பக்கமாகத் தெரியுமோ, அவ்வளவு பக்கமாக அங்கே வடக்கே மலை தெரிகிறது.

செர்வோ என்ற ஆற்றங்கரையில் பழைய கம்பளி ஆலைகள் பல மாடி உயரத்தில் வரிசையாக நிற்கின்றன. ஆலையை ஏன் இப்படி உயர உயரக் கட்டினார்கள் என்பது முதலில் எனக்கு விளங்கவில்லை. ஆற்று நீர் சக்கரத்தைச் சுழற்றியது. சக்கரத்தின் விசை தண்டுகளிலும் பட்டைகளிலும் ஏறி மேல் மாடிகளுக்குப் போனது. விசை கிடைக்கும் இடத்தை விட்டு ஆலை விலகிப் போக முடியாது, பள்ளத்தாக்கில் அகலமும் கிடையாது, ஆகவே மேலே போனார்கள். நம் ஊரில் 1888இல் முதல் நூற்பாலை வந்தபோதிலும், 1930களில் நீலகிரி மலையிலிருந்து பைக்காரா நீர்மின்சாரம் வந்த பிறகுதான் ஆலைகள் பெருகின. மலை நமக்கும் விசை கொடுத்தது. ஆனால் அது கம்பிக்குள் ஒளிந்து வந்ததால் நாம் மலையை மறந்துவிட்டோம். பியெல்லாவில் அந்த விசை கண் முன்னே பாறைகளில் குதித்து இறங்கி வருகிறது.

ப்ராய் என்ற ஊரில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டப்பட்ட ஓர் ஆலையைச் சக்கர ஆலை என்ற பெயரில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். நீர்விசையைக் கயிற்றின் மூலம் தூரத்திலிருந்து ஆலைக்குக் கொண்டுவந்த பெரிய சக்கரம் இன்னும் அங்கே இருக்கிறது. ஆண்டு முழுவதும் திறந்திருக்காது. போவதற்கு முன் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இத்தாலியில் இயந்திரக் கம்பளித் தொழில் தொடங்கியதே இந்தப் பள்ளத்தாக்குகளில்தான். வால்லே மோஸ்ஸோவைச் சேர்ந்த பியெத்ரோ செல்லா, பெல்ஜியத்தில் காக்கரில் நிறுவனத்திடம் வாங்கிய இயந்திரங்களைக் கொண்டுவந்து 1817 வாக்கில் தம் ஆலையில் நிறுவினார். ரயில் இல்லாத காலத்தில் அத்தனை இரும்பையும் அந்தப் பாதையில் ஏற்றியிருக்கிறார்கள். அந்தச் சாலையில் நின்றபோது, லாரி வராத சந்துக்குள் முதல் தறியைப் பத்துப் பேர் தோளில் தூக்கிச் சென்ற கதையை என் அப்பாரு சொன்னது நினைவுக்கு வந்து, சற்று நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

நொய்யல்கரை எழுதியது:

அண்ணா, மிக்க நன்றி. எங்கள் குடும்பம் முப்பது ஆண்டு சாயப்பட்டறை நடத்தியது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவின்படி திருப்பூர்ப் பட்டறைகள் மூடப்பட்டபோது எங்களுடையதும் மூடப்பட்டது; பிறகு திறக்கவில்லை. எங்கள் தோட்டத்து ஆழ்துளைக் கிணற்று நீரில் டிடிஎஸ், அதாவது கரைந்துள்ள உப்புகளின் அளவு, லிட்டருக்கு ஆயிரம் மில்லிகிராமைத் தாண்டி நிற்கிறது. ஆகவே எனக்கு ஒரே கேள்விதான். கம்பளியை அலசவும் சாயம் ஏற்றவும் அவ்வளவு நீர் வேண்டுமே, அந்த ஊர் நீர் எப்படிப்பட்டது? ஆறு இப்போது எப்படி இருக்கிறது?

பல்லடத்துப் பாவு எழுதியது:

தம்பி, நான் அந்த ஊருக்குப் போகச் சொல்வதற்கு முதற்காரணமே நீர்தான். அதை முன்பே எழுதியிருக்க வேண்டும்.

அந்த மலைகளின் பாறை கடினமானது, நீரில் எளிதில் கரையாதது. சுண்ணாம்பு கலக்காமல் நீர் இறங்கி வருவதால் அது மிக மென்மையாக இருக்கிறது. மென்னீரில் சோப்பு நன்றாக நுரைக்கும், கம்பளியிலுள்ள எண்ணெய்ப் பசை முழுதாகப் போகும், சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்காது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பியெல்லாவை அடுத்த கிராலியா என்ற மலை ஊரின் ஊற்று நீரை லாவுரெத்தானா என்ற பெயரில் புட்டியில் அடைத்து விற்கிறார்கள். அதில் கரைந்துள்ள உப்புகளின் அளவு லிட்டருக்கு 14 மில்லிகிராம் என்று லேபிளிலேயே அச்சிட்டிருக்கிறது. நம் வீட்டில் ஆர்ஓ இயந்திரம் படாத பாடு பட்டு எடுத்துத் தரும் நீரைவிடக் குறைவான எண், அங்கே பாறை இடுக்கிலிருந்து தானாக வருகிறது. சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு அதன் சுவை பிடிபடும். மற்றவர்களுக்கு முதல் வாயில் சுவையே இல்லாததுபோல இருக்கும்.

ஆற்றைப் பற்றி: நான் பார்த்த நாளில் செர்வோ ஆற்றின் அடியில் கிடந்த கூழாங்கற்களை எண்ணலாம் போலத் தெளிவாக இருந்தது. ஆனால் அந்தத் தெளிவுக்குக் காரணம் சுத்திகரிப்பு மட்டுமன்று, ஆலைகள் பல மூடப்பட்டதும்தான் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். உயர்ந்த ரகத் துணி நெய்யும் ஆலைகள் இன்றும் ஓடுகின்றன. ஆனால் கரையோரத்தில் கண்ணாடி உடைந்து, சன்னல் வழியே செடி முளைத்து நிற்கும் கட்டடங்களும் உண்டு. அவற்றில் ஒன்றை, அந்த ஊரில் 1933இல் பிறந்த ஓவியர் மிக்கேலாஞ்செலோ பிஸ்தொலெத்தோ கலைக்கூடமாக மாற்றியிருக்கிறார்.

ஆறு எப்போதும் சாதுவாக இருந்ததும் இல்லை. 1968 நவம்பர் தொடக்கத்தில் ஒரே இரவில் கொட்டிய மழையில் ஸ்த்ரோனா பள்ளத்தாக்கின் ஆலைகளை வெள்ளம் அடித்துச் சென்றது. பியெல்லா பகுதியில் மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆற்றை ஒட்டி ஆலை கட்டியதால் வந்த வளமும் அழிவும் ஒரே பள்ளத்தாக்கில் தெரிகின்றன. சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணையைப் பார்த்த நமக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

கோபி குடும்பஸ்தர் எழுதியது:

ஐயா, தாங்கள் எழுதுவது மனத்தைத் தொடுகிறது. ஆயினும் ஒரு மாற்றுக் கருத்தை முன்வைக்க அனுமதியுங்கள். பல ஆண்டுகள் சேமித்து, வாழ்நாளில் ஒருமுறை வெளிநாடு போகும் குடும்பங்கள் நம்மில் அதிகம். என் மாமனாருக்கு எழுபத்து மூன்று வயது, மாமியார் சுத்த சைவம். சுற்றுலா நிறுவனத்தோடு சுவிட்சர்லாந்து போனால் தமிழ் பேசும் வழிகாட்டி வருவார், இரவில் சாதமும் ரசமும் கிடைக்கும், கோடையிலும் பனியைக் கையால் தொடலாம். மூடிய ஆலையைப் பார்க்க அவர்களை அவ்வளவு தூரம் அழைத்துப் போவது முறையாகுமா? ஆலை பார்க்க வேண்டுமென்றால் சிங்காநல்லூரிலேயே பார்க்கலாமே.

அவிநாசி அம்மணி எழுதியது:

கோபி அண்ணாவின் கவலை நியாயமானது. என் மகள் தூரினில் படிக்கிறாள். அவளைப் பார்க்கப் போனபோது அறுபத்தெட்டு வயதான என் மாமியாரையும் அழைத்துச் சென்றேன். அவர்களும் வெங்காயம், பூண்டு தவிர வேறெதற்கும் சமரசம் செய்யாத சைவம். நாங்கள் பியெல்லாவுக்கு மேலே ஒரோபா என்ற மலைக்கோயிலில் இரண்டு இரவு தங்கினோம். அந்த அனுபவத்தை மட்டும் சொல்கிறேன்.

ஒரோபா ஏறத்தாழ 1,160 மீட்டர் உயரத்தில், கிட்டத்தட்ட நம் வால்பாறை அளவு உயரத்தில் இருக்கிறது. குளிர் மட்டும் அதைவிடப் பன்மடங்கு. கீழேயிருந்து வளைந்து வளைந்து பேருந்து போகிறது. யாத்திரிகர்கள் தங்குவதற்காகவே பல நூற்றாண்டுகளாகக் கட்டிச் சேர்த்த நூற்றுக்கணக்கான அறைகள் கோயிலைச் சுற்றி இருக்கின்றன. இன்றும் வாடகைக்குத் தருகிறார்கள். அங்கே இருப்பது கருமேனி மாதா. மரத்தில் செதுக்கிய சிலை, கருத்த முகம், நீலமும் பொன்னுமான ஆடை, தலையில் கிரீடம். 1620 முதல் நூறாண்டுக்கு ஒருமுறை முடிசூட்டு விழா நடக்கிறது. ஐந்தாவது விழா 2020இல் வர வேண்டியது, கொரோனாவால் 2021இல் நடந்தது. என் மாமியார் வேற்று மதக் கோயில் என்று வாசலில் தயங்கி நின்றார்கள். உள்ளே அந்த முகத்தைப் பார்த்ததும், "ஆத்தா நம்ம மாரியாத்தா நிறந்தாண்டி" என்று சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

அவர்கள் அதிக நேரம் நின்ற இடம் வேண்டுதல் படங்கள் மாட்டிய நீண்ட தாழ்வாரம். பிழைத்தவர்கள் நன்றிக்கடனாக வரைந்து கொடுத்த சிறு சிறு ஓவியங்கள் சுவர் முழுவதும் இருக்கின்றன. ஒன்றில் சாரத்திலிருந்து ஒருவர் தலைகீழாக விழுகிறார், ஒன்றில் குதிரை வண்டி கவிழ்கிறது, ஒன்றில் கட்டிலைச் சுற்றிப் பிள்ளைகள் மண்டியிட்டிருக்கிறார்கள். எல்லாவற்றிலும் மேல் மூலையில் மேகத்துக்கு நடுவே மாதா. நம் ஐயனார் கோயிலில் மண்ணுருவாரம் எடுத்து வைப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? மொழி தெரியாத என் மாமியார் ஒவ்வொரு படத்தையும் தாமாகவே படித்து எனக்குக் கதை சொன்னார்கள். சுற்றுலா வழிகாட்டி யாரும் தேவைப்படவில்லை.

உணவைப் பற்றிக் கேட்டீர்கள். அந்த மலையின் உணவு பொலென்டா கொன்சா. மக்காச்சோள மாவைச் செம்புக் கொப்பரையில் கட்டி தட்டாமல் கிளறி, மலைப் பாலாடைக்கட்டியைத் துண்டாக்கிப் போட்டு, உருக்கிய வெண்ணெயை மேலே ஊற்றித் தருகிறார்கள். களி கிண்டத் தெரிந்த கைக்கு அதைப் பார்த்தவுடனே பதம் புரிந்துவிடும். ஓர் எச்சரிக்கை: ஊரின் பழைய முறைப் பாலாடைக்கட்டியில் பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட் சேர்ப்பார்கள். அதை ஏற்காதவர்கள், கட்டி சேர்க்காத வெறும் பொலென்டாவும் வெண்ணெயும் கேட்டு வாங்கலாம். என் மாமியார் அப்படித்தான் சாப்பிட்டார்கள். அரிசிக்கும் பஞ்சமில்லை, பியெல்லா, வெர்செல்லி மாவட்டங்களின் பராஜ்ஜா அரிசி புவிசார் காப்புப் பெற்றது. ரசத்துக்கு மட்டும் நாங்களே பொடி கொண்டு போனோம்.

வெள்ளியங்கிரிப் பாதை எழுதியது:

அம்மணி, படிக்கப் படிக்க ஆசையாக இருக்கிறது. பதினொரு ஆண்டுகளாக ஒவ்வொரு பங்குனியிலும் ஏழு மலையும் ஏறுகிறேன். ஒரோபாவிலிருந்து மேலே நடந்து ஏற வழியிருக்கிறதா? பயிற்சி பெற்ற மலையேறிகள்தான் போக முடியுமா?

கொடுமுடியிலிருந்து நோவாரா எழுதியது:

நான் நோவாராவில் வேலை பார்க்கிறேன். மாதம் ஒருமுறையாவது அந்த மலைக்குப் போகிறவன் என்பதால் பதில் சொல்கிறேன்.

ஒரோபாவுக்கு மேலே ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரம் வரை கேபிள் கார் உண்டு. அதன் பக்கத்திலேயே முக்ரோனே என்ற சிறு ஏரி இருக்கிறது. நடந்தே ஏறினால் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். வெள்ளியங்கிரியில் ஐந்தாறு மலை ஏறிய கால்களுக்கு அது ஒரு பொருட்டன்று. பாறைகளில் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு தீட்டியிருப்பார்கள், அதைத் தொடர்ந்தால் போதும். முக்ரோனே சிகரம் 2,335 மீட்டர்; அதற்கு நல்ல காலணியும் நல்ல வானிலையும் கட்டாயம். அந்த மலைத்தொடர் சமவெளியிலிருந்து திடீரென எழுவதால் ஈரக்காற்றெல்லாம் அங்கேயே முட்டுகிறது; மழையும் மூடுபனியும் மிகுதி. ஜூன், ஜூலையில் பிற்பகல் இடி இடிக்கும். காலை ஏழு மணிக்குக் கிளம்பி ஒரு மணிக்குள் இறங்கிவிடுங்கள். அவசரத்துக்கு 112.

உங்களைப் போன்றவர்களுக்கு இன்னொரு செய்தி. மலைக்கு அந்தப் புறம், ஆவோஸ்தா பள்ளத்தாக்கிலுள்ள ஃபொந்தேன்மோர் என்ற ஊரார் ஐந்தாண்டுக்கு ஒருமுறை இரவு முழுவதும் நடந்து, 2,200 மீட்டருக்கு மேற்பட்ட கணவாயைக் கடந்து ஒரோபாவுக்கு யாத்திரை வருகிறார்கள். விடியலில் கணவாயில் விளக்குகள் வரிசையாகத் தெரியும். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் வேற்றாளாக உணர மாட்டார்கள்.

ஆலையும் மலையும் அங்கே ஒரே குடும்பத்துக்குள்ளும் இருந்தன. ஆலை வைத்த செல்லா குடும்பத்தில் பிறந்த குவின்தினோ செல்லா, இத்தாலியின் நிதியமைச்சராக இருந்தவர். 1863இல் மொன்விசோ சிகரம் ஏறி இறங்கிய கையோடு இத்தாலிய ஆல்ப்ஸ் சங்கத்தைத் தோற்றுவித்தார். ஒரோபா இடுகாட்டில் பிரமிடு வடிவில் அவருடைய கல்லறை இருக்கிறது. அவருடைய அண்ணன் மகன் வித்தோரியோ செல்லா, 1899இல் காஞ்சன்ஜங்காவைச் சுற்றிவந்து, பெரிய கண்ணாடித் தகடுகளில் படம் பிடித்தார். வித்தோரியோவின் தந்தை கம்பளிச் சாயத்தின் வேதியியல் கற்றவர். இத்தாலிய மொழியில் புகைப்படக் கலைக்கு முதல் கையேட்டை எழுதியவரும் அவரே. சாயத் தொட்டியிலிருந்து புகைப்படத் தொட்டிக்கு வந்த அறிவு அது.

கோபி ஐயா பனியைக் கேட்டிருந்தார்கள். கோடையில் இங்கே கையால் தொடப் பனி கிடைக்காது, அது உண்மை. அதற்கு ஈடாக ஸெனியா சாலையைச் சொல்வேன். 1910இல் த்ரிவேரோவில் கம்பளி ஆலை தொடங்கிய எர்மெனெஜில்தோ ஸெனியா, நம் மில் முதலாளிகள் கல்லூரியும் மருத்துவமனையும் கட்டியதைப் போல ஊருக்குச் செய்தவர். அதற்கு மேலும் ஒன்று செய்தார்: மொட்டையாகக் கிடந்த மலைச்சரிவில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்களை நட்டு, 1930களில் மலைமேல் சாலையும் போட்டார். 1993 முதல் அந்தப் பகுதி ஏறத்தாழ நூறு சதுர கிலோமீட்டர் இயற்கைக் காப்பிடம். நுழைவுக் கட்டணம் இல்லை. மே இறுதி, ஜூன் தொடக்கத்தில் அங்கே ரோடோடென்ட்ரான் பூக்கும். அவிலாஞ்சிப் பக்கம் காட்டுப்பூவரசு பார்த்தவர்களுக்கு அதே குலத்துச் செடி என்று தெரியும். எழுபத்து மூன்று வயதுப் பெரியவரும் காரை விட்டு இறங்கி அங்கே உட்காரலாம்.

பவானிக் கூடல் எழுதியது:

பியெல்லாவுக்குத் தெற்கே பெஸ்ஸா என்ற இடத்தில் ரோமானியர் தங்கம் எடுத்ததாகப் படித்தேன். கொடுமணலுக்கும் வெள்ளலூருக்கும் வந்த ரோமானியச் செல்வம் அங்கிருந்து வந்ததுதான் என்று சொல்லலாமா?

கொடுமுடியிலிருந்து நோவாரா எழுதியது:

அப்படிச் சொல்ல இடமில்லை என்பதே என் எண்ணம். பெஸ்ஸாவில் தங்கம் எடுத்தது கிமு 2, 1ஆம் நூற்றாண்டுகளில். வெள்ளலூர்ப் புதையல்களில் கிடைத்தவை அதற்குப் பிந்திய பேரரசர் காலத்து வெள்ளிக் காசுகள். ஆனாலும் போய்ப் பாருங்கள். ஆற்றுப் படிவைக் கழுவித் தங்கத்தைப் பிரித்துவிட்டு, பயனற்ற கூழாங்கற்களைக் கையால் அடுக்கி ஒதுக்கியிருக்கிறார்கள். அந்தக் கற்குவியல்கள் இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கிலோமீட்டர் கணக்கில் அப்படியே கிடக்கின்றன. வெர்செல்லி நாட்டின் இந்தச் சுரங்கத்தில் குத்தகைதாரர்கள் ஐயாயிரம் பேருக்கு மேல் வேலைக்கு வைக்கக் கூடாது என்று சட்டம் இருந்ததாக ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். இந்தியாவோடு நடக்கும் வணிகத்தில் ரோமின் பணம் கரைகிறது என்று வருந்தி எழுதியவரும் அதே பிளினிதான். தொடர்பு அந்த அளவில்தான்; அதுவே எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

அருகிலேயே கான்டேலோ இருக்கிறது. ஊரார் சேர்ந்து தங்கள் தானியத்தையும் திராட்சை மதுவையும் காக்கக் கட்டிய இடைக்காலக் கோட்டை அது. உள்ளே அரண்மனை எதுவும் இல்லை. ஏறத்தாழ இருநூறு சேமிப்பு அறைகள், இடையே கூழாங்கல் பாவிய சந்துகள். வீட்டில் தானியம் சேமிக்கும் குதிர்களை ஊருக்கே பொதுவாகக் கட்டி, சுற்றிலும் மதில் எழுப்பியதைப் போல இருக்கும்.

கோபி குடும்பஸ்தர் எழுதியது:

அம்மணிக்கும் நோவாரா தம்பிக்கும் நன்றி. என் மாமியாரிடம் வேண்டுதல் படங்களைப் பற்றிப் படித்துக் காட்டினேன். டிட்லிஸ் பற்றி அவர்கள் இதுவரை ஒரு கேள்வியும் கேட்டதில்லை, இதைப் பற்றி அரை மணி நேரம் கேட்டார்கள். நான்கு நாள் சுவிட்சர்லாந்து, மூன்று நாள் பியெல்லா என்று பிரித்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறோம். விசாவுக்கு என்ன செய்ய வேண்டும்?

பல்லடத்துப் பாவு எழுதியது:

தாராளமாகப் பிரித்துக்கொள்ளலாம், ஐயா. இரண்டு நாட்டுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும். அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும், உங்கள் கணக்கில் அது சுவிட்சர்லாந்து. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம், பதினைந்து நாளுக்குக் குறையக் கூடாது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். பெரியவர்களுக்குக் கம்பளிச் சட்டை இங்கேயே எடுத்துக்கொள்ளுங்கள்; அங்கே ஆலை வாசல் கடைகளில் துணி அருமையாக இருக்கும், ஆனால் விலை நம் கைக்கு எட்டுவது கடினம். வாங்காவிட்டாலும் ஒருமுறை விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள்.

நொய்யல்கரை எழுதியது:

அண்ணா, இந்த இழையை அப்பாவுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். லிட்டருக்கு 14 மில்லிகிராம் என்ற வரியை மட்டும் இரண்டாம் முறை படிக்கச் சொன்னார். பட்டறையில் பயன்படுத்திய பழைய டிடிஎஸ் மீட்டரை அலமாரியிலிருந்து எடுத்து, பேட்டரி மாற்றி, மேசைமேல் வைத்திருக்கிறார். அடுத்த ஜூனில் இருவரும் போகிறோம். ஊற்று நீரை நேரடியாகக் குடிக்க எந்த இடம் நல்லது?

பல்லடத்துப் பாவு எழுதியது:

ஒரோபா கோயிலின் முற்றத்தில் புர்னெல் என்ற கல் நீரூற்று இருக்கிறது, தம்பி. மலையிலிருந்து வரும் நீர் இரவும் பகலும் அதில் விழுந்துகொண்டிருக்கும். நீளக் காம்புள்ள அகப்பைகளைச் சுற்றிலும் தொங்கவிட்டிருப்பார்கள். வருகிறவர்கள் எல்லாரும் அவற்றால்தான் மொண்டு குடிக்கிறார்கள். ஜூனிலும் பல் கூசும் குளிர்ச்சி இருக்கும், அப்பாவை மெதுவாகக் குடிக்கச் சொல்லுங்கள். மீட்டரில் என்ன எண் வந்தது என்று இங்கே வந்து எழுதுங்கள்.